அம்மா இடது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அந்த மலைக் கொட்டகையில் குளிர் தாக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் நீளமாகப் போகும், எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கடைசி வரிவரை படிக்காமல் அந்த வண்டியை எடுக்காதே. டீசல் போட, படம் எடுக்க, யாருக்காவது காட்ட என்று எதற்காகவும் ஒரு அடிகூட ஓட்டாதே.

உன் போன் பதினோரு நாளாக அணைந்தே இருக்கிறது. ‘மேல சிக்னல் கிடையாது, ரெண்டு வாரம் கழிச்சு ஞாயிறு கார் ஓட்டம் முடிஞ்சு இறங்கி வந்து பேசறேன்’ என்று நீ அனுப்பியதுதான் கடைசி. மருமகளின் போனும் அப்படியே. நேற்று உன் வெல்டர் நண்பனின் பட்டறைக்குப் பேசினேன். பெயின்ட் அடிப்பவர் எடுத்தார். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் மலைக்குப் போயாச்சு, வியாழக்கிழமை டயர் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேலே போகிறது, சொல்ல வேண்டியதை அந்த டிரைவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் விஷயத்தை நிதானமாக விளக்கினேன். ‘சரிங்கம்மா, சரிங்கம்மா’ என்றார். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு, காதில் வாங்காமல் சொல்லும் சரிங்கம்மா எப்படி இருக்கும் என்று தெரியாதா? எங்கே, திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். ‘லெஃப்ட்ல ஏதோ பிரச்சனைன்னு சொல்லணும், அவ்வளவுதானே?’ என்றார். மற்றதையெல்லாம் அவர் மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த ஒரு சொல் மட்டும் தனியாக உன்னிடம் வந்து சேரக் கூடாது. அதனால் வாய்ச்செய்தியே வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அவருக்கு அனுப்புவேன். அவர் அச்செடுத்து, உறையில் போட்டு, லாரிக்காரர் கையில் கொடுப்பதாக இரண்டு தடவை சொல்ல வைத்திருக்கிறேன்.

அப்பாவின் குட்டி வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வரைபடங்களும் போட்டோக்களும் அனுப்பியதிலிருந்து ஏழு மாதமாக அவருக்கு அதே வேலை. பல் செட் செய்த மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய காரை வெட்டித் தாழ்த்தி நீ கட்டிய ஹாட் ராடைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, கடையில் விற்கும் பொம்மைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்காமல், எல்லாவற்றையும் கையாலேயே செய்தார். கூரையை நாலு விரல் குறைத்தேன் என்று நீ எழுதினாய், அவர் அதைக் கணக்குப் போட்டு ஒரு அரிசி நீளத்துக்குக் குறைத்தார். புகைக்குழாய் எட்டும் ஈயக் கம்பியை வளைத்தது. ரேடியேட்டர் வலைக்கு என் டீ வடிகட்டி போயிற்று, கேட்காமலேயே. இருக்கைக்கு நான் பள்ளிக்குக் கொண்டுபோன தோல் பையின் வார். பல்லுக்குப் போடும் பிளாஸ்டிக்கை உருக்கி முகப்பு விளக்குக்குக் கண்ணாடி செய்தார், அது கொஞ்சம் இளஞ்சிவப்பாக, ஈறு நிறத்தில் வந்துவிட்டது. ‘உங்க வண்டி சிரிக்குது’ என்றேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அத்தை முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவள், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் சரிண்ணா, மேல் கூரை இவ்வளவு தாழ்வா இருக்கே, உள்ள போனவங்க அவசரத்துக்கு எப்படி வெளிய வருவாங்க?’ என்று கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள். அன்று முதல் எனக்கு அந்த ஜன்னலோரம் போகவே பிடிக்கவில்லை.

சக்கரங்கள் கடைசி வேலை. உன் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய மூன்று காது நட்தான் பிடித்திருக்கிறது, சுத்தியால் தட்டி இறுக்குவது, அதுதான் அழகே என்று எழுதியிருந்தாய். நட் ஏறும் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் குடத்தில், திருகு மரை இரண்டு பக்கத்துக்கும் எதிரெதிராக இருக்க வேண்டும் என்பதையும் நீதான் எழுதினாய். அப்பா அதையும் விடவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் மரை வெட்டும் குட்டி அச்சுகள் இரண்டு இரவல் வாங்கி, உன் படத்தில் எந்தப் பக்கம் மரை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே பித்தளையில் வெட்டினார். மூன்று காதும் நகக்கண் அளவுதான். மாட்டி, இறுக்கி, கூடத்துத் தரையில் முன்னால் தள்ளிவிட்டார். ஐந்தடி போயிருக்கும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். முன்சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையைக் கீறிக்கொண்டு நின்றது. நாங்கள் இருவரும் சிரித்தோம். திரும்ப மாட்டினார். திரும்ப அதே டிக். அன்று ஒன்பது தடவை, நான் எண்ணினேன். ஒரு தடவை முன்சக்கரம், ஒரு தடவை பின்சக்கரம், ஒரு பக்கம், மறு பக்கம். முன்னால் தள்ளினால் கழல்கிறது, பின்னால் இழுத்தால் இன்னும் இறுகுகிறது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

உடனே அவர் உனக்குப் பேசினார், பேசிய விதம்தான் தப்பு. எடுத்த எடுப்பிலேயே ‘உன் மரை எல்லாம் தப்பு’ என்றார். உனக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ‘அந்த லேத் டர்னர் முப்பது வருஷமா ஹப் கடையறார், நீங்க பல்லு கட்டினவர், பொம்மைய வெச்சு என் வண்டிக்கு மார்க் போடாதீங்க’ என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு அவர் அந்தக் குட்டி வண்டிமேல் துணியைப் போட்டு மூடினார். பிறகு நீ டர்னரிடம் மறுபடி காட்டி, மரையில் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாய். டர்னர் சொன்னது சரிதான். மரையில் குற்றம் இல்லை. அதைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் நான் கண்டுபிடித்தேன்.

அன்று மேஜையைத் துடைக்கும்போது உன் வரைபடம் கையில் வந்தது. அப்பா கோடுகளைப் பார்ப்பவர், எழுத்தைப் படிப்பவர் அல்ல. எனக்கு எழுத்துதான் முதலில் கண்ணில் படும். மேலிருந்து பார்ப்பதுபோல் வண்டியை வரைந்திருக்கிறாய், மூக்கு தாளின் மேல்பக்கம். அப்படியானால் வண்டிக்கு எது இடதோ அதுதான் தாளைப் பார்ப்பவருக்கும் இடது. நீ வலப்பக்கத்து ஹப் இரண்டுக்கும் பக்கத்தில், அழகான கையெழுத்தில், ‘இடது’ என்று எழுதியிருக்கிறாய். டர்னர் சொல்லச் சொல்ல நானே சீட்டு எழுதி ஹப்பில் கட்டினேன் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதும் சரி, சீட்டில் நீ எழுதியதும் சரி. மாட்டும்போது நீ நடந்துபோன பக்கம்தான், கண்ணா, அம்மா இடது.

மருமகளுக்குப் புரியாது, அவளுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எதிரே நின்று உடற்பயிற்சி சொல்லித் தரும் டீச்சர், ‘இடது கையைத் தூக்கு’ என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய வலது கையைத்தான் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கிற பிள்ளை கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சரியாகச் செய்யும். இவனுக்கு அப்போது மூன்று வயது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, என் நாற்காலிக்குப் பக்கத்தில் என்னைப் போலவே வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, நான் தூக்கிய கையைப் பார்த்துத் தானும் தூக்கினான். ஒரு வருடம் தினமும் வலது கையைத் தூக்கி இடது, இடது என்று கத்தினான். பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். பிறகு திருத்தினேன், திருந்தியும் விட்டான். அவசரம் வந்தால் மட்டும் பழையது எட்டிப் பார்க்கும். வழி சொல்லும்போது அவன் அப்பா ‘ஊர் இடதா, அம்மா இடதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். எங்கள் வீட்டில் அது இத்தனை வருடமாக வேடிக்கையாக இருந்தது.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், பொறுத்துக்கொள். சைக்கிள் மிதியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மரை தலைகீழாக இருக்கும். மிதிக்க மிதிக்க இறுக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பக்கம் மாறினால் அதே ஏற்பாடு மிதிக்க மிதிக்கக் கழற்றும். அதைச் செய்த ஆள்மேலும் குற்றமில்லை, இரும்பிலும் குற்றமில்லை. எவ்வளவு பலமாக இறுக்கினாலும் ஒவ்வொரு சுற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே இருக்கும். அதனால் சுத்தியால் இன்னும் நாலு அடி போட்டால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதே. பொம்மையில் ஐந்தடியில் நடந்தது உன் வண்டியில் ஐந்து மைலில் நடக்கும். அந்த மலைச்சாலையில் கொண்டைஊசி வளைவு பதினான்கு என்று நீயே பெருமையாக எழுதியிருந்தாய்.

இது அம்மாவின் பயம் என்று ஒதுக்கப் பார்ப்பாய். நானும் அப்படித்தான் ஒதுக்கப் பார்த்தேன். பிறகு, மேலே போவதற்கு முந்தின நாள் மருமகள் அனுப்பிய வீடியோவை எடுத்தோம். நீ பட்டறை வாசலிலிருந்து கிளம்பி, தெருமுனைவரை போய், திரும்பி வந்து நிறுத்துகிறாய். அவள் ஓடிவந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு கையசைக்கிறாள். அதை இருபது தடவை பார்த்திருப்போம், அவள் சிரிப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை அப்பா தொடக்கத்தில் நிறுத்தச் சொன்னார். முன்சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வுக்கு நேராக நட்டின் ஒரு காது இருந்தது. கடைசியில் நிறுத்தச் சொன்னார். அதே சக்கரம், அதே வால்வு. காது ஒரு விரல் தள்ளி நின்றது. தெருமுனைவரை போய் வந்ததற்கே ஒரு விரல். அது அவள் ஏறிய பக்கம். அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார், வெகுநேரம் கழுவினார். குழாயை நான்தான் போய் மூடினேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதில் இடது, வலது என்ற சொற்கள் வராது, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நீ உட்காரும் பக்கத்தில் இருக்கிற ஹப் இரண்டும், நட்டோடு, அவள் உட்காரும் பக்கத்துக்குப் போக வேண்டும். அவள் உட்காரும் பக்கத்தில் இருப்பவை நீ உட்காரும் பக்கத்துக்கு வர வேண்டும். முன்னது முன்னதோடு, பின்னது பின்னதோடு. கட்டியிருக்கிற சீட்டுகளைப் பார்க்காதே, அறுத்துப் போடு. மாட்டி முடித்ததும் நான்கு நட்டிலும், காதிலிருந்து சக்கரம்வரை, சாக்பீஸால் ஒரே நேர்க்கோடு இழு. தனியாக, சமதரையில், நடக்கிற வேகத்தில், நூறடி முன்னால் ஓட்டு. இறங்கிப் பார். கோடு நேராக இருந்தால் சரி. ஒரு மயிரிழை உடைந்திருந்தாலும், மகனே, அந்த ஓட்டத்தில் நீ இல்லை. நம்பர் ஒட்டியாயிற்று, நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். கோட்டைப் பார்க்க வெல்டரையும் கூப்பிட்டுக்கொள், விடைத்தாளை எழுதியவனே திருத்தக் கூடாது.

அப்பாவிடம் கோபம் வேண்டாம். அவர் உன் வண்டியைக் குறை சொல்லவில்லை, ஒன்பது தடவை அது விழுவதைப் பார்த்தவர் அவர். வேண்டுமானால் என்மேல் கோபித்துக்கொள். அந்தச் சொல்லை உனக்குத் தப்பாகக் கற்றுக்கொடுத்தவள் நான், திருத்திவிட்டேன் என்று நம்பி விட்டுவிட்டவளும் நான்.

லாரி இறங்கி வரும்போது டிரைவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பு. ‘மாற்றிவிட்டேன், கோடு நேராக இருக்கிறது’ என்று உன் கையால் எழுதி, கீழே அவளும் கையெழுத்துப் போட வேண்டும். பெயின்ட்காரர் அதைப் படமெடுத்து அனுப்புவார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நானும் அப்பாவும் போனைக் கூடத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சனிக்கிழமை இருட்டுவதற்குள் வரவில்லை என்றால் உனக்கு இந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்புறம் ஞாயிறு காலைதான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நீண்ட காலம், ஒருவர் பக்கத்தில் ஒருவர், குறையில்லாமல் வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது. சாக்பீஸ் அங்கே கிடைக்காது என்று இரண்டு துண்டு அனுப்பப் பார்த்தார், படத்தோடு சாக்பீஸ் போகாது என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று. கரித்துண்டு போதும். அவளை முதலில் இறக்கிவிடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா