இடது கையில் வந்தது

ஜூலை 14
ஓவர்லாக் மெஷின் ரிப்பேர். நாகவல்லி அக்கா தையல் கடையிலிருந்து இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார். மொட்டைமாடியில் அண்ணனுடைய யோயோவை நாற்பது தடவை வீசினேன். அது கீழே சுழன்று, விரலைச் சுற்றி வந்து, நூலின் மேல் உட்காருகிறது. அதை மேலே எறிந்து, நூலை மடித்து, அந்த மடிப்பில் பிடிக்க வேண்டும். அது வரவில்லை.

அண்ணனுக்கும் வரவில்லை. அவன் போனில் இருக்கும் கடைசி வீடியோ நாற்பத்தொரு நொடி. எறிகிறான், நழுவுகிறது, ‘ச்சு’ கொட்டுகிறான், மறுபடி எறிகிறான். அப்போது என் குரல். “அண்ணே, அம்மா கூப்பிடுறாக.” போனை அணைக்க வருகிறான். அப்படியே அம்மாவுக்குத் தேங்காய் வாங்கப் போனவன் மேல் செக்காலை ரோட்டில் லாரி மோதியது.

ஜூலை 19
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் என் குரல் கேட்டது.

ஜூலை 27
ஆவணி முதல் தேதி அண்ணனுக்குத் தலைத்திவசம். அதற்குப் பிறகு அவன் பொருள் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாதாம். சட்டைகளை யாருக்காவது கொடுப்பது, மற்றதை ஊரணியில் விடுவது. “இழுத்து வச்சா அவன் வாசலத் தாண்ட மாட்டான்” என்கிறார் அம்மா.

அவன் தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும். மாடியில் யோயோ நழுவும்போதெல்லாம் பின்னால் ‘ச்சு’ என்கிறது. பாதியில் விட்டதை முடித்துவிட்டால் போய்விடுவானோ? போகணுமா? முடிக்கலன்னா அது பாதியாவே தண்ணிக்குள்ள போயிருமே.

ஆகஸ்ட் 3
இடது நடுவிரல் வீங்கியிருக்கிறது. அண்ணன் இடது கையால் வீசுவான் என்பதே வீடியோவில்தான் தெரிந்தது. யாராவது பார்த்தால் கை நடுங்கும் என்று என்னை மாடிக்கு விடமாட்டான். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியவில்லை. என்ன தங்கச்சி நான்?

ஆகஸ்ட் 8
டீ நேரத்தில் நாகவல்லி அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டார். “அடியே, இது முன்பக்க கேமரா. மாத்தித்தான் காட்டும். பனியன் எழுத்தெல்லாம் எங்குட்டுத் திரும்பிக் கெடக்கு பாரு.”

வலது கைதான். எதிரில் நிற்கிற ஆளாக நினைத்து, ஆறு மாதம் அவன் வீசாத கையால் பழகியிருக்கிறேன். மாடிக்குப் போய் வலது கையில் வீசினேன். நூலில் உட்காரக்கூட இல்லை.

அப்ப இத்தன நாளா பின்னாடி நின்னது யாரு?

ஆகஸ்ட் 10
வீசவில்லை.

ஆகஸ்ட் 13
வந்துவிட்டது. இடது கையில். நூலில் உட்கார்ந்தது, மேலே போனது, மடிப்பில் விழுந்தது, கைக்குத் திரும்பியது. சட்டென்று பின்னால் பார்த்தேன். கொடியில் துணிகள் மட்டும். ஒரு சத்தமும் இல்லை. கீழே வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 17
திவசம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, அம்மா ஊரணிக்குப் போகிற பையை விரித்து என் முன்னால் நின்றார். நான் யோயோவைப் போடவில்லை.

“அவன் செஞ்ச வித்ததானடி அது?”

“இல்லம்மா. அண்ணனுக்கு வலது கை. இது நானாப் பழகுனது.”

அத்தனை பேர் முன்னால் நான் இவ்வளவு பேசியதே இல்லை. அம்மா என் வீங்கிய விரலைப் பிடித்துப் பார்த்தார். “அவனுதுன்னா போடு. உன்னுதுன்னா வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன். அம்மா பையின் வாயைக் கட்டினார்.

ஆகஸ்ட் 19
நூல் தேய்ந்துவிட்டது. கடையிலிருந்து பாலியஸ்டர் நூல் கொண்டுவந்து புதிதாக முறுக்கினேன். யோயோவைத் தரையில் வைத்தால் நூல் தொப்புள் உயரம் வர வேண்டும். இதுவரை அண்ணனுடைய பழைய நூலை அளவு வைத்தே வெட்டிவந்தேன். இன்று என்னை அளந்து வெட்டினேன்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அண்ணன் நூல் நாலு விரல் மிஞ்சியது.