உரித்துப் பார்த்த சரிகை

ஜூலை 7, திங்கள்
ஒன்பதாம் வகுப்பு நன்னெறி பீரியட் என் தலையில். ‘கடமை பெரிதா, விளைவு பெரிதா’ என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகின்றன. சரி, பட்டு நெய்கிற ஊர்தானே, நாளைக்கு வீட்டுத் தறியிலிருந்து ஆளுக்கொரு துண்டு சரிகை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மேலே எல்லாம் தங்கம்தான். உரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு இருந்தால்தான் அசல். மனுஷனும் அப்படித்தானே? நல்ல ஐடியா, என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 8
எல்லாருக்கும் சிவப்பு. ஏலவார்குழலிக்கு மட்டும் வெள்ளை நூல். “உங்கப்பா டூப்ளிகேட்டா?” என்று வகுப்பே சிரித்தது. “முதலாளி குடுத்ததுதான் மிஸ்” என்றாள். பட்டும் சரிகையும் கொடுத்து அவள் அப்பாவைக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளி தினகரன்தான் எங்கள் பள்ளிச் செயலாளர். அவர் பையனும் அதே வகுப்பு. ஐயோ, இது என் மரமண்டைக்கு முன்னாடியே ஏன் எட்டவில்லை?

ஜூலை 10
குழலியின் அப்பா தேவேந்திரன்தான் சரிகையை மாத்திட்டார் என்று தினகரன் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் ஆட்கள் வந்து தறியிலிருந்த பாவு நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

குழலி அழவில்லை. தினகரன் நெய்யக் கொடுத்ததில் கடை சீல் பிரிக்காத ஒரு சரிகை ரீலை நீட்டினாள். “வூட்ல இருந்தா புடுங்கிக்குவாங்க மிஸ். நீங்க வச்சிக்கினு இருங்க. சீல் இருந்தாதான் சாட்சி.” யாராவது கேட்டால் காட்டுகிறேன் என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

ஜூலை 14
ஹெச்.எம். ரூமில் தினகரன். “ஒரு ரீல் காணோம். அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதனா குடுத்துச்சாம்மா?”

நான் இன்னும் தற்காலிகம். வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

“இல்ல சார்.”

ரீல் என் மடியில், கைப்பைக்குள் இருந்தது.

ஜூலை 15
ஒருவேளை குழலி பொய் சொல்கிறாளோ? சொல்லியிருந்தால் நல்லாயிருக்குமே— சீலைப் பிய்த்தேன். உரித்தேன். வெள்ளை.

இப்போ சாட்சியும் போச்சு. என்ன ஜென்மம்டி நீ?

ஜூலை 18
லீவு போட்டேன். 

ஜூலை 21
அப்பாவும் பொண்ணும் டி.சி. வாங்க வந்தார்கள். ஓரகடத்தில் ஏதோ கம்பெனியில் லோடு ஏற்றும் வேலையாம் அவருக்கு. போறதுக்கு முன்னாடி நெசவாளர் சங்கத்தில் தினகரன் மேல் புகார் கொடுக்கப் போகிறார்களாம்.

“மிஸ், அந்த ரீலு...”

“எந்த ரீல்மா?” என்றேன்.

தேவேந்திரன் அவள் தோளைத் தொட்டார். “வாம்மா, மிஸ்ஸுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.” அவள் என் கைப்பையையே பார்த்தாள். “தேங்க்ஸ் மிஸ்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 22
ஒன்பதாம் வகுப்பு. நீங்களே படிங்க என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் பெஞ்சு சம்யுக்தா கேட்டாள்: “மிஸ், அந்த சரிகை பாடம் பரீட்சைக்கு வருமா?”

வராது என்றேன்.