கரிநாளில் பயணம் கூடாது

வெரிபீ, மெல்பேர்ன்
திங்கட்கிழமை

அன்புள்ள சிறி மாமாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். குளிரும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறது. நீங்கள் சுகமாக இல்லை என்பது தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை. அதோடு யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உலாவுவீர்கள். கடிதத்தை யாரும் இடையில் மறிக்க முடியாது. நான் வேலைக்காக வெரிபீயிலிருந்து கிளேட்டன் வரை நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ரயிலில் போகிறவள். எழுத நேரம் தாராளமாக இருக்கிறது.

ஸ்பெயினில் வெயில் தாங்க முடியாமல் லண்டனுக்குத் திரும்பிவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவும் நம்பிவிட்டார். "பாவம் அண்ணா, சூட்டு உடம்பு" என்று உங்களுக்காக வெந்தயம் தேடி வைத்திருக்கிறார். பருத்தித்துறை வெயிலில் பந்தடித்து வளர்ந்த மனிதருக்கு ஸ்பெயின் வெயில் சுட்டதாம்!

கலா மாமி எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். அவரை ஏசாதீர்கள். பிரஷாந்தன் வீட்டுச் சின்ன அறையில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்கும் பேரப்பிள்ளையின் சைக்கிளுக்கும் நடுவில் படுக்கிற பெண் யாரிடமாவது சொல்லி அழத்தானே வேண்டும்? உங்கள் வீடு ஹரோவில் இருக்கிறது. ஆனால் அதில் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொந்த ஊரில் மகன் வீட்டு விருந்தாளி.

மாமி சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இப்போது ஐரோப்பாவில் ஆறு மாதத்தில் மூன்று மாதம்தான் இருக்கலாம். அதனால்தான் ஸ்பெயினில் வாங்கின கடற்கரை வீட்டில் மூன்று மாதமும், எங்கள் வீட்டில் என் அறையில் மூன்று மாதமுமாகச் சுற்றி வருகிறீர்கள். இந்த முறை உங்கள் டிக்கெட் சரியாகக் கடைசி நாளுக்குத்தான் இருந்தது. பயணத்துக்கு முன் வழமைபோல அம்மாவிடம் நாள் கேட்டீர்கள். அம்மா குசினிச் சுவரில் தொங்கும் கேரம் டவுன்ஸ் கோயில் கலண்டரைப் பார்த்தார். "அண்ணா, அண்டைக்குக் கரிநாள். அடுத்த நாள் அட்டமி. அதுக்கடுத்தது நவமி. தசமியில வெளிக்கிடுங்கோ, எல்லாம் ஜெயம்" என்றார். நீங்கள் டிக்கெட்டை மாற்றினீர்கள்.

மெல்பேர்ன் நேரத்துக்குக் கணித்த கலண்டரை வைத்து ஸ்பெயினில் நாள் பார்த்திருக்கிறீர்கள். அதை விடுவோம். தசமியன்று விமான நிலையத்தில் கம்ப்யூட்டர் உங்களைப் பிடித்துவிட்டது. ஏன் மேலதிகமாக நின்றாய் என்று கேட்ட அதிகாரிக்குக் கரிநாளை விளங்கப்படுத்தப் போய், அன்றைக்கு விமானம் ஏறினால் கெட்டது நடக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்தது என்று சொன்னீர்களாம். அதன் பிறகுதான் தனி அறை, இரண்டாவது அதிகாரி, பெட்டியிலிருந்த விபூதியை மோந்து பார்த்த நாய் எல்லாம். கடைசியில் ஒரு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நான் ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்தவர் எழும்பி வேறு கதிரைக்குப் போனார். சிரித்து முடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிரெக்சிட் வோட்டு முடிவு வந்த அன்று நீங்கள் எங்களுக்குப் போன் எடுத்தது நினைவிருக்கிறதா? நான் பள்ளிக்கூடப் பிள்ளை. "இனிக் கண்டவனும் உள்ள வரேலாது, பிள்ளை" என்று கலியாண வீடுபோலச் சந்தோசப்பட்டீர்கள். பிறகு பாஸ்போர்ட் நீல நிறத்தில் வந்தபோது அதைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். அம்மா அதற்குக் கைகூப்பும் படம் போட்டார். அந்த வோட்டு ஐரோப்பாவின் கதவையும் சேர்த்துச் சாத்தும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்பெயினில் உங்கள் பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரர் கீத் அங்கிளுக்கும் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, ஸ்பெயினில் வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள் என்று கவலைப்படுகிற வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. வெரிபீக்கு வந்தால் இங்கே இந்தியர் கூடிவிட்டார்கள் என்கிறீர்கள். எங்கே போனாலும் உங்களுக்குப் பிறகு வந்தவன்தான் கூட்டம்.

நீங்கள் லண்டனுக்கு எப்படிப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாள் விழாக்களில் இரண்டாவது கிளாசுக்குப் பிறகு நீங்களே சொல்வீர்கள். படத்தை மட்டும் மாற்றி ஒட்டின தலை மாற்றின பாஸ்போர்ட், அதில் ஒரு மலேசியாக்காரரின் பெயர், அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியது. எல்லாரும் கைதட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். நல்ல கதைதான்.

ஆனால் நான் கட்டப்போகிற கீர்த்தனன் இங்கே படகில் வந்தால் அது கள்ளம்.

முதல் முறை அவன் உங்களை ஏற்ற விமான நிலையத்துக்கு வந்தபோது, டாக்சிக்காரன் என்று நினைத்து வழி நெடுகக் கதைத்துக்கொண்டு வந்தீர்கள். "நல்ல பெடியன், பெட்டியைத் தூக்கவே விடேல்லை, கட்டிட்டானோ தெரியேல்லை" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கியது அவன்தான். எங்கள் குளியலறையின் தளக்கல் முழுவதும் அவன் பதித்தது. லண்டனில் இப்படி வேலை செய்ய ஆளில்லை என்று அதையும் நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். அவன் எப்படி வந்தவன் என்று தெரிந்த அன்றுதான் அவன் கெட்டுப்போனான். "படகில வந்தவனுக்குப் பெட்டையைக் குடுத்தா ஆக்கள் என்ன சொல்லுவினம்? விசாவுக்குத்தான் கட்டுறான்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நீங்கள் வழமைபோல ஸ்பீக்கரில்தான் பேசினீர்கள். அம்மாவும் ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தார். கீர்த்தனன் குசினியில் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

என்னைக் கட்டினாலும் அவன் விசா மாறாது, மாமா. இங்கே சட்டம் அப்படி. வந்த நாளிலிருந்து அவன் கையில் இருப்பது புதுப்பித்துப் புதுப்பித்து ஓடுகிற தற்காலிக விசாதான். பன்னிரண்டு வருசத்துக்கு மேலாகிவிட்டது. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். மூன்று நாள் கூட நின்றதற்கு ஒரு வருசம் கதவு சாத்தப்பட்டதும் நீங்கள் சின்ன அறையில் சோறு இறங்காமல் இருக்கிறீர்கள் என்று மாமி சொல்கிறார். அவன் இத்தனை வருசமும் சாப்பிட்டு, வேலைக்குப் போய், வரியும் கட்டியிருக்கிறான்.

கோபம் இவ்வளவுதான். இனிக் கலியாண விசயம்.

ஆவணியில் கேரம் டவுன்ஸ் கோயிலில் மண்டபம் எடுத்தாயிற்று. அம்மாவுக்கு அவனில் விருப்பம். ஆனாலும் "அண்ணா ஓம் எண்டாத்தான் தாலி" என்கிறார். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் முன்னுக்கு நிற்க வேண்டுமாம். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். அசையவில்லை. அவரும் உங்கள் தங்கைதானே.

உங்களைத் திருப்பி அனுப்பிய கதையை நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். தன் கலண்டரால்தான் அண்ணா பிடிபட்டார் என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். நீங்கள் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் சொல்ல மாட்டேன். இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது, இது மிரட்டல்போல இருக்கிறது, எடுத்துவிடு என்று கீர்த்தனன் சொன்னான். நான் எடுக்கவில்லை. ஆனால் மிரட்டல் இல்லை.

எனக்கு வேறொன்று வேண்டும்.

கீர்த்தனனின் அம்மாவின் பெயர் நாகலட்சுமி. உங்கள் பருத்தித்துறைதான். பழைய தபால் கந்தோருக்குப் பின்பக்கம் இரண்டு மாடுகளோடு தனியாக இருக்கிறார். மகனை வந்து பார்க்க இரண்டு முறை விசா கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். திரும்பிப் போவதற்குப் போதுமான காரணம் அவரிடம் இல்லையாம். மாடுகளை அவர்கள் காரணமாக எடுக்கவில்லை. கலியாணத்துக்கும் அவர் வரப்போவதில்லை.

அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெண் வீட்டுப் பக்கத்தால ஒரு பெரிய ஆள் வந்து, என்ர வீட்டுக் கதிரையில இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுக் கேட்டாக் காணும் பிள்ளை, வேற ஒண்டும் வேண்டாம். போனில கேட்டா அது சம்பந்தம் இல்லை." அம்மாவின் முழங்கால் அவ்வளவு தூரம் போகாது. அவன் போக முடியாது. நானே போய் என் கலியாணத்தை நானே கேட்டால் ஊர் சிரிக்கும். அது எனக்குப் பரவாயில்லை. ஆனால் அவருக்கு அது கணக்கில் வராது.

உங்கள் நீலப் பாஸ்போர்ட் இப்போது ஸ்பெயினுக்கு உதவாது. கொழும்புக்கு உதவும். மெல்பேர்னுக்கும் உதவும். எப்படியும் எங்களிடம்தானே வரப்போகிறீர்கள்? வருகிற வழியில் இறங்கி, பருத்தித்துறைக்குப் போய் அந்தக் கதிரையில் இருங்கள். உங்கள் பாஸ்போர்ட் கதையை வேண்டுமானால் அவருக்கும் சொல்லுங்கள். கைதட்டுவார்.

நாள் மட்டும் அம்மாவிடம் கேட்காதீர்கள். கலா மாமி எந்த நாள் சொல்கிறாரோ அது நல்ல நாள். என் அறையைக் கூட்டித் துடைத்து, ஹீட்டரும் திருத்தி வைத்திருக்கிறேன்.

நாகலட்சுமி அன்ரி உங்கள் கையைப் பிடித்தால் கொஞ்ச நேரம் விடமாட்டார். இழுக்காமல் இருங்கள். இங்கே விமான நிலையத்தில் உங்களை ஏற்ற அவன்தான் நிற்பான். வழமைபோலப் பெட்டியை வாங்க ஓடி வருவான். பெட்டியைக் கொடுக்க முதல், அந்தக் கையை அவனிடம் கொடுங்கள், மாமா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மருமகள்
வினுஷா