ஹெட் மெக்கானிக் மாட்டிய டர்போ கண்ட்ரோல்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். கையில் மட்டும் சின்னக் கொப்புளம்.

பழைய டீசல் லாரிக்கு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் புது டர்போ கண்ட்ரோல் மாட்டும்போது சுட்டுக்கொண்டேன். லாரி மேட்டில் புகையில்லாமல் ஏறியதும், ஹெட் மெக்கானிக் முதலாளியிடம், "நான்தான் மாட்டினேன்" என்றார். கொப்புளம் எனக்கு, பெயர் அவருக்கு. முதலாளி மீதி நான்கு லாரிகளையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

இரண்டு நாளாக அந்த லாரிகள் கக்கிய கரும்புகையில் இருமியவர், நேற்று பக்கத்தில் வந்து, "காத்தழுத்தம் எவ்வளவுப்பா வச்சே?" என்றார்.

"நீங்க மாட்டினதுதானேண்ணே, என்னைக் கேட்டா எப்படி?" என்றேன். வயிறு குளிர்ந்தது.

என் பழைய கம்பளியை அனுப்புங்கள். பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். சாப்பாட்டு வேளையில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அந்த ஹெட் மெக்கானிக்தான். இன்று தள்ளி உட்கார்ந்துவிட்டார். உட்காரட்டும். அளவைச் சொல்லமாட்டேன்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்