நரம்பைக் கண்டுபிடித்த படம்

மேல்பட்டாம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் மெல்போர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தேவநாத சாமி துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசிக்கொண்டு இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரசவத்துக்கு வாம்மா என்று நீ கூப்பிடும்போதெல்லாம் மூட்டுவலி, மாடு, மழை என்று தட்டிக்கழித்தேன். போன தடவை, "என்னவிட மாடுதான் ஒசத்தியா உனக்கு?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். காரணம் வேறு. சில வருஷமாகவே என்னால் மலத்தை அடக்க முடியவில்லை. வருகிறது என்று தெரிவதற்குள் புடவையில் பட்டுவிடும். திருவந்திபுரத்தில் உன் சித்தி ராஜாமணி மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் நான் சொல்லாமல் கிளம்பியது அதனால்தான், அன்றோடு சித்தி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே போனால் என் பின்னாலேயே ஒட்டி நடப்பார், கறை இருந்தால் மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று.

அவர்தான் ஒருநாள், "வூட்டுக்குள்ளயே பூட்டிக்கிட்டு கெடந்தது போதும், கெளம்பு" என்று சிதம்பரத்தில் டாக்டர் காயத்ரியிடம் அழைத்துப் போனார். பிரசவத்தில் பட்ட காயம் வயசான பிறகு இப்படிக் காட்டுமாம். நீ பிறந்தபோது நடந்ததுதானே என்று மனசில் எதையும் ஏற்றிக்கொள்ளாதே, மறுபடி கேட்டாலும் உன்னைத்தான் பெறுவேன். மாத்திரை, பயிற்சி எதற்கும் கேட்கவில்லை. மலத்தை அடக்குகிற நரம்பு முதுகெலும்பு முடிகிற இடத்தில் வெளியே வருகிறதாம், அதன் பக்கத்தில் மெல்லிய ஒயர் வைத்து லேசாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்று சென்னைக்கு அனுப்பினார். அங்கே முதலில் சோதனைக்கு வைத்தார்கள். கெண்டைக்கால்தான் வெட்டி வெட்டி இழுத்தது, மற்றது அப்படியேதான் இருந்தது. எடுத்துவிட்டார்கள். இனி என்னை எங்கேயும் கூப்பிடாதீர்கள் என்று அப்பாவிடம் அழுதேன்.

காயத்ரி விடவில்லை. "எல்லாருக்கும் நரம்பு ஒரே மாதிரி ஓடாதும்மா. எலும்ப வச்சிதான் எடத்த குறிச்சாங்க. இப்ப ஸ்கேன்ல நரம்பையே படம் எடுத்துப் பாக்கறாங்க, கட்டாயம் சரியாவும்னு சொல்ல மாட்டேன், ஒருவாட்டி பாத்துடலாம்" என்றார். படம் வந்ததும் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். தையல் நூல் மாதிரி வெளுப்பாக ஒரு கோடு, அவர்கள் நினைத்த இடத்தை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி ஓடியது. எனக்குச் சுத்தம் இல்லை, என் உடம்பு கெட்ட உடம்பு என்று இத்தனை காலம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கப்பட அங்கே ஒன்றுமே இல்லையே என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து ஒயரை மறுபடி வைத்தபோது கீழே உள்ளுக்குள் சுண்டி இழுப்பது தெரிந்தது. இப்போது இடுப்புக்குக் கீழே தோலுக்குள் அந்தக் கரண்டைக் கொடுக்கிற சின்ன மிஷின் இருக்கிறது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருவது முன்னாலேயே தெரிகிறது, எழுந்து போக நேரம் கிடைக்கிறது. போன வாரம் பரங்கிப்பேட்டைக்கு பஸ்ஸிலேயே போய் ராஜாமணியிடம் எல்லாம் சொன்னேன். "என்கிட்ட கூடவா மறைப்ப, அக்கா?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நீ ஒன்று மறக்காதே. பிரசவம் ஆன பிறகு அடக்க முடியவில்லை, கசிகிறது என்று தோன்றினால் அன்றைக்கே உன் டாக்டரிடம் சொல்லிவிடு, என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. அப்பா பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார், உன் பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். என் உடம்பு விஷயத்தை மாப்பிள்ளையிடமும் நீயே சொல்லிவிடு, எனக்குச் சம்மதம்தான். உங்கள் வீட்டில் பாத்ரூம் பக்கத்தில் இருக்கிற அறையை எனக்குக் கொடு.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து இரண்டு உயிரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
ச. அமிர்தம்