கல்மேல் கிடக்கும் காசு

மஹய்யாவ, கண்டி
25.8.1938

மெட்ராசில் இருக்கும் மகன் அழகையாவுக்கு, உன்னைப் பெற்ற வடிவம்மா சொல்லச் சொல்ல, மாதா கோயில் பள்ளிக்கூடத்து டொரதி டீச்சர் எழுதும் கடிதம்.

இங்கு எல்லோரும் சுகம் என்று டீச்சர் முதல் வரியைத் தானாகவே எழுதிவிட்டார். அதை அடித்துவிடச் சொன்னேன். நான் திட்டுவதையும் ஒன்றுவிடாமல் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் உட்காரவைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு குறையுமில்லை. பெரஹரா ஊர்வலம் முடிந்து தெருவெல்லாம் யானைச் சாணி அள்ளியதில் இடுப்பு விட்டுப்போனது, அவ்வளவுதான். காற்றில் குசினிக் கூரை பறந்து, முனாப் கடையில் பழைய தகரம் வாங்கி அடித்தோம். நீ அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. இன்னும் கட்டவில்லை. சுகமில்லாதவர் உன் அப்பாதான். காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை. சாப்பிடுகிறார், படுக்கிறார், வாயைத் திறப்பதில்லை.

நீ நடித்த படம் போன மாதம் கண்டிக்கு வந்தது. அரிச்சந்திரன் கதை, அதில் உனக்கு வீரவாகு வேஷம் என்று நீ எழுதியதை டீச்சர் வாசித்த அன்றைக்கே லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அந்தக் கதையில் அரிச்சந்திரன் பெரியவன். நமக்கு வீரவாகுதானே பெரியவன்? நாடு இழந்து நின்ற ராஜாவை விலை கொடுத்து வாங்கி மயானத்தைக் காக்க வைத்தவன். அந்த வழியில் வந்தவர் என்றுதான் உன் அப்பா மயான வாசலில் அரிச்சந்திரன் கல்லுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சாவுக்கும் அந்தக் கதையைப் பாடுகிறார். அவர் பாடி முடித்து, செத்தவரின் ஆட்கள் கல்மேல் கால் ரூபாய் வைத்து, அவர் அதை எடுத்தால்தான் பாடை உள்ளே போகும்.

கறுப்பையா மகன் வீரவாகுவாக வருகிறான் என்றால் சும்மாவா? முப்பது பேர் பயஸ்கோப்புக்குப் போனோம். நீ திரையில் வந்ததும் போடுவதற்கு மாலை கட்டிக்கொண்டு போனோம். என் முந்தானையில் கற்பூரம் இருந்தது. உன் அப்பா தலைப்பாகையைத் தன் கையாலேயே துவைத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நீயும் வந்தாய். கள்ளு முட்டியோடு வந்தாய். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாய். கொட்டகையே சிரித்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அது யாருடைய நடை என்று தெரிந்தது. மலேரியாக் காய்ச்சல் வருஷத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் குழி வெட்டி, ஒரு குழி சரிந்து காலில் விழுந்ததே, அந்த நடை.

அதோடு விட்டாயா? பிணத்தோடு வந்தவன் கொடுத்த காசை வாங்கி, மாறுகண் போட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாய். முன்வரிசையில் ஒரே விசில். ஏண்டா, அது எந்தக் காசு என்று உனக்கு மறந்துபோனதா? அதே காய்ச்சலில் உன் தங்கச்சி யசோதா போன அன்றைக்கு, சொந்தப் பிள்ளைக்குமா காசு வைப்பாய் என்று முனிசிபால்டி ஓவசியரே கேட்டார். ராஜா தன் பிள்ளைக்கே விட்டுக்கொடுக்காத சட்டத்தை நான் எப்படி விட்டுக்கொடுப்பேன் என்று சொல்லி, உன் அப்பா மடியிலிருந்த கால் ரூபாயை இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்மேல் வைத்தார். நீ பக்கத்தில் நின்றாய். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

மாலையை யாரும் வெளியே எடுக்கவில்லை. வீடு வரைக்கும் உன் அப்பா நொண்டாமல் நடக்கப் பார்த்தார். என்னால் அதைப் பார்க்க முடியாமல் நான் பின்தங்கியே வந்தேன்.

பட முதலாளி சொன்னபடி ஆடினேன் என்று நீ சொல்லலாம். கள்ளு முட்டியை முதலாளி கொடுத்திருப்பார், சரி. அந்த நடையை அவர் எங்கே கண்டார்? நீதானே இங்கிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாய்?

கதையை மாற்றியதற்கு நான் கோபிக்கவில்லை. நம் பாட்டில் சந்திரமதி அழுதுகொண்டேதான் இருப்பாள். உங்கள் படத்தில் அவள் நிமிர்ந்து நின்று, சத்தியத்தைக் காக்க என்னையும் பிள்ளையையும் விற்றீரே, முதலில் உம்மை விற்றீரா என்று புருஷனைக் கேட்டாள். எனக்கு அது பிடித்தது. இத்தனை வருஷம் கேட்ட கதையில் அப்படி ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளை நிமிர்த்தத் தெரிந்த உங்களுக்கு வீரவாகுவை மட்டும் ஏன் குனியவைக்கத் தோன்றியது?

இப்போது டவுனில் பிள்ளைகள் உன் அப்பாவுக்குப் பின்னால் காலை இழுத்து நடக்கிறார்கள். அவர் மயானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். இனியும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஓவசியர் சொல்லியனுப்பினார். வேலை போனால் இந்த லயத்து அறையும் போகும். அதைச் சொல்லியும் பார்த்தேன். அவர் வாய் திறந்தது ஒரே தரம்தான். “நான் போய் நின்னா, பொணத்தோட வர்றவனும் சிரிப்பான், வடிவு” என்றார்.

போன திங்கட்கிழமை குப்பை வண்டிக் காளிமுத்து இறந்துபோனார். பாடை வாசலுக்கு வந்து நிற்கிறது, பாட ஆளில்லை. நான் தலையை முடிந்துகொண்டு போனேன். பெண்பிள்ளைகள் சந்தியைத் தாண்டக்கூடாது என்று ஆண்கள் மறித்தார்கள். சந்திரமதி மட்டும் எப்படி மயானத்துக்குப் போனாள், அவள் பெண்பிள்ளை இல்லையா என்று கேட்டேன். மறித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். உங்கள் படம் எனக்குச் செய்த நன்மை அது ஒன்றுதான்.

கல்லுக்கு முன்னால் நின்று பாடினேன். இருபத்தைந்து வருஷம் வீட்டில் காதில் விழுந்த பாட்டு, பாதியில் நின்றுபோனது. எத்தனை முயன்றும் அடுத்த அடி வரவில்லை. அப்போது மயான மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அதை எடுத்துக் கொடுத்தது. உன் அப்பா. முடியும்வரை இரண்டு பேரும் பாடினோம். அவர் மதிலைவிட்டு வெளியே வரவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

காளிமுத்து மகன் கல்மேல் கால் ரூபாய் வைத்தான். நான் எடுக்கவில்லை. அவர் எடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். காசை எடுக்காமலே பாடையை உள்ளே அனுப்பியது இதுதான் முதல் தடவை. என் மகன் வரும்வரை நான்தான் பாடுவேன் என்று ஓவசியரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார், முடியாது என்று சொல்லவில்லை. தினமும் போய்க் கல்லைத் துடைத்துவிட்டு வருகிறேன். காசு அப்படியே கிடக்கிறது. மயானத்துக் காசை மஹய்யாவில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

இனி நடிக்காதே என்று நான் சொல்லவில்லை. நடி. நன்றாகத்தான் நடிக்கிறாய், அதுதானே என் வயிற்றெரிச்சல். ஆனால் முதலில் தலைமன்னார்க் கப்பல் ஏறி வா. காய்ச்சல் பார்க்கும் மண்டபத்து முகாமில் எத்தனை நாள் மறித்தாலும் இருந்து வா. நீ அனுப்பிய சேலையை அன்றைக்குக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

வந்து, உன் அப்பா பார்க்க அந்தக் காசை எடுத்து, யசோதாவை நினைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, அவர் கையில் கொடு. அது போதும். மன்னிப்பு என்று வாயால் ஒன்றும் கேட்கவேண்டாம், அவருக்கு அது தாங்காது. யாரும் சிரிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எந்த ஊரில் என்ன வேஷம் போட்டாலும் நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடும்,

உன் அம்மா
வடிவம்மா
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)

அம்மா கைநாட்டு வைத்த பிறகு டொரதி எழுதுவது: உங்கள் அப்பா வாசல்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். விலாசத்தைச் சரியாக எழுதினேனா என்று இரண்டு தரம் கேட்டார்.