அடித்தால்தான் பாடும் வயலின்

14 ஆகஸ்ட் 2013, புதன்

இன்று முருகேசனை அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் கல்யாணக் கச்சேரி. வயலின்காரர் கிடையாது, என் கீபோர்டில்தான் வயலினும் வர வேண்டும். லேப்டாப்பில் இரண்டு வயலின் சாஃப்ட்வேர் இறக்கிச் சோதித்தேன். ஒன்றில் கீபோர்டின் ஓரத்துச் சக்கரத்தை உருட்டினாலே சத்தம் ஏறி இறங்குகிறது. அதை வாங்க என் சம்பளம் போதாது. வாங்கக்கூடியதோ கீபோர்டுக் கட்டையை ஓங்கி அடித்தால்தான் வாய் திறக்கிறது. வீக் ஆஃப் என்பதால் காலையிலிருந்து ஹெட்போன் மாட்டி அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயலின் கேட்டது. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பக்கத்தில் படுத்திருந்த அறைத்தோழன் முருகேசனுக்குக் கட்டை இடிக்கும் சத்தம் மட்டும். எழுந்து ஹெட்போனை ஒயரோடு பிடுங்கி எறிந்தான்.

“ராத்திரி பூரா தகடு அடிக்கிற பிரஸ்ஸுல டம்மு டம்முன்னு கேட்டுட்டு வாரேன். இங்கயும் அதானா, ஏலே?”

கீபோர்டை மிதிக்கக் காலை ஓங்கினான். பிடரியைப் பிடித்து இழுத்து, அவன் முகத்தைக் கட்டைகள் மேலேயே மோதினேன். ஹெட்போன் கழன்ற லேப்டாப்பிலிருந்து வயலின் அறை முழுக்க அலறியது.

கீழிருந்து ஹவுஸ் ஓனர் கத்தினார்: “இன்னாடா நடக்குது மேல? வூட்ட காலி பண்ணிக்கினு போங்கடா!”

ராத்திரி முருகேசன் கிழிந்த உதட்டோடு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். கட்டை இடுக்கிலிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. அவன் முகம் மோதியபோதுதான் காலையிலிருந்து எனக்கு வராத சத்தம் வந்தது. அவன் வாயைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த சாஃப்ட்வேரையே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.